கம்பம் ஊன்றும் முன்

2025 பெப்ரவரி 5, புதன்

மாத நிகழ்ச்சிநிரலை அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டார்கள். 21ஆம் திகதி சர்வதேச தாய்மொழி தினம். காலையில் கண்காட்சி, அப்புறம் விரிவுரை, பின்னேரம் கலை நிகழ்ச்சி. 26 சிவராத்திரி பூசை. மார்ச்சில் பரீட்சை என்பது கீழே பொடி எழுத்தில் கிடக்கிறது. அதைத்தான் பெரிதாகப் போட்டிருக்க வேண்டும்.

கண்காட்சிக் குழுவில் என் பெயர். கலை நிகழ்ச்சியில் ‘காமன் கூத்து – 20 நிமிடம்’, சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் எங்கள் தோட்டத்துக் கூத்து. அதற்கும் நான்தான் பொறுப்பாம். மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாமாதான் கூத்து வாத்தியார் என்று முதலாம் வருடத்திலேயே உளறி வைத்திருந்தேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

வீட்டுக்கு வந்தேன். பதினொன்றரை போல கரண்ட் போனது. தோட்டத்தில் அது புதினமில்லை. நாடு முழுக்கப் போயிருக்கிறது என்று பின்னேரம்தான் தெரிந்தது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று கைவைத்துவிட்டதாம். “நம்மூரு கொரங்கு பீன்ஸ் பாத்தியோட விட்டுரும்” என்றார் அம்மாயி.

மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். விரலை மடக்கி எண்ணினார்.

“அமாவாசையே 27. அதுக்கப்புறம் பெற கண்டு, கம்பம் ஊண்டி, வெரதம் இருந்தாத்தான் ரதி மதன் வேசத்தத் தொடலாம். ஊண்டாத காமன எப்புடி எரிப்ப?”

“20 நிமிசம்தான் மாமா.”

சொன்ன பிறகுதான் எவ்வளவு மடத்தனமான பதில் என்று உறைத்தது. பிறையில் தொடங்கி பௌர்ணமி வரை இழுக்கும் விஷயம் இது. கடைசி இரவில் ஈசன் மதனை எரித்து, ரதி அழுது ஓய விடிந்துவிடும். சின்ன வயதில் காமன் பொட்டலில் அம்மாயி மடியில் தூங்கிப்போய், வீரபத்திரன் வரும் சத்தத்தில் அலறி எழும்பியிருக்கிறேன். ரதியாக ஆடியவர் அடுத்த நாள் காலையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போவதைப் பார்த்துக் குழம்பியும் இருக்கிறேன்.

மாமா எனக்காக இரங்கியிருக்க வேண்டும். “தப்பு வேணும்னா அடிச்சுக் காட்டுறேன். அதுக்கு நாளு நேரம் இல்ல” என்றார். தப்பு என்பது எங்கள் பறை.

பெப்ரவரி 11, செவ்வாய்

குரங்கின் புண்ணியத்தில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு. மெழுகுதிரி வெளிச்சத்தில் குழுக் கூட்டம். கூத்து இல்லை என்றேன். பாட்டை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாமே ஆடலாமே என்று ஒருவர் சொன்னார். சத்தம் போட்டுவிட்டேன், கொஞ்சம் அதிகமாகவே. ஊரில் விரதம் இருந்து செய்வதை மேடையில் ‘ஐட்டம்’ ஆக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. மேடையேற்றினால்தான் இளசுகள் பார்ப்பார்கள் என்ற அவரது வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. விரிவுரையாளர் பேனையை எடுத்து, கூத்தை வெட்டி, ‘தப்பு – 15 நிமிடம்’ என்று எழுதினார். பிறகு கேட்டார்: “மார்ச்சில் நாங்கள் அங்கே போனால் என்ன?”

பெப்ரவரி 16, ஞாயிறு

கண்காட்சிக்குப் பொருள் சேர்க்க மறுபடி வீடு. கொழுந்துக் கூடை, இடுப்பில் கட்டும் படங்கு, கவ்வாத்துக் கத்தி கிடைத்தன. அம்மாயியின் மட்டக்கம்பு கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டாக நின்றது. கொழுந்தெடுக்கும்போது செடிமேல் கிடத்தி, மட்டம் பார்த்து, அதற்கு மேல் நிற்பதைக் கிள்ளுவார்கள். கம்பின் நடுப்பகுதி, கை பிடித்த இடம், எண்ணெய் தடவினாற்போல் மினுமினுவென்று இருக்கிறது. முனையில் மட்டும் கோழி எச்சம்.

“திங்கக்கெழம கொண்டாந்துரணும்” என்றார் அம்மாயி. “கீரி வருது.”

பெப்ரவரி 20, வியாழன்

டவுனில் அடிக்கக் கொடுத்த பேனர் வந்தது. சிங்களம் சரி, ஆங்கிலம் சரி. தமிழில் ‘சர்வதேச தாய்மெழி தினம்’. தாய்மொழி தினத்துக்கே காலை வாரிவிட்டார்கள், அதாவது துணைக்காலை. திருப்பி அடிக்க நேரமில்லை. கறுப்பு ஸ்டிக்கரில் ஒரு ‘ா’ வெட்டி, ழகரத்தை நெருக்கிக்கொண்டு ஒட்டினோம். தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது. கிட்ட வராதீர்கள்.

பெப்ரவரி 21, வெள்ளி

விரிவுரை நன்றாக இருந்தது. 1952இல் டாக்காவில் வங்காள மொழிக்காக மாணவர்கள் உயிர்விட்டது, 1999இல் யுனெஸ்கோ இந்த நாளை அறிவித்தது என்று தொடங்கி, தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 சட்டத்துக்கு வந்தார். பிறகு அவர்களை இலங்கையும் இந்தியாவும் பங்கு போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. பக்கத்தில் இருந்த சிங்கள மொழிமூல மாணவி அந்த எண்ணைத் தன் கொப்பியில் எழுதி, வட்டம் போட்டு, “ஆட்களா?” என்று தமிழில் கேட்டாள். ஓம், ஆட்கள்தான். எங்கள் அம்மாயியின் அக்கா அதில் ஒருவர்.

பின்னேரம் மலையைப் பனிமூட்டம் மூடிவிட்டது. தப்பின் தோல் தொய்ந்து ‘தொப்’ என்றது. மண்டபத்துக்குப் பின்னால் நெருப்பு மூட்டக் காவலாளி அண்ணன் விடவில்லை. மாமா இரண்டு வார்த்தை பேசியதும் அவரே பழைய பத்திரிகைக் கட்டோடு வந்தார். மாமா தப்பின் முகத்தை அனலுக்குக் காட்டி, திருப்பி, நகத்தால் சுண்டிக் காதைக் கொடுத்தார். மறுபடி காட்டினார். நாலாம் தரம் சுண்டியபோது கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது.

உள்ளே முதலில் பெரட்டுத் தப்பு, விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடுவது. முன்வரிசையில் ஒரு விரிவுரையாளர் தன்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோட்டத்துப் பிள்ளைதான் போல. அப்புறம் சாமி தப்பு. சாவுத் தப்பு அடிக்கச் சொல்லி யாரோ கேட்டார்கள். “மண்டபத்துக்குள்ள வேணாம்” என்று மாமா முடித்துவிட்டார். 15 நிமிடம் 40 ஆனது. பரிசளிப்பு பிந்தியதில் பலருக்கு முகம் சரியில்லை.

பெப்ரவரி 24, திங்கள்

மார்ச் பயணத்துக்கு 23 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வட்டம் போட்டவளும் வருகிறாள். இரவு வெளியே தங்க விடுதியில் அனுமதி இன்னும் கிடைக்கவில்லை. பரீட்சை வேறு இருக்கிறது. மாமா போனில் சொன்னார்: ஆளுக்கொரு கம்பளி கொண்டு வரவேண்டும், அன்றைக்குக் கவிச்சி சாப்பிடக் கூடாது, வீடியோ எடுப்பவர்கள் கம்பத்துக்குக் கிட்டச் செருப்போடு போகக் கூடாது.

மட்டக்கம்பு இன்னும் என் கட்டிலுக்கு அடியில்தான். கோழிக்கூட்டுக்கு அம்மாயி கல்லை வைத்திருக்கிறாராம்.