பிப்ரவரி 29: ஒரே ஒரு நாளைத் தொகுத்துப் பார்த்த கதை

'வரலாற்றில் இன்று' பட்டியல்களைப் படிப்பது எனக்குப் பழைய பழக்கம். நானே ஒன்று தயாரித்துப் பார்க்கலாம் என்று இறங்கியபோது பிப்ரவரி 29-ஐ எடுத்துக்கொண்டேன். காரணம் சோம்பல்தான். மற்ற தேதிகள் 400 ஆண்டுகளில் 400 முறை வருகின்றன. இது 97 முறைதான் வருகிறது. வேலையும் கால்பங்குதான் இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் வாரம் அப்படித்தான் போனது. இத்தாலிய இசையமைப்பாளர் ரொஸ்ஸினி பிறந்தது 1792. மொரார்ஜி தேசாய் 1896. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1904, மதுரையில். 1960-இல் மொராக்கோவின் அகாடிர் நகரத்தை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. அது நடந்தது இரவு 11.40-க்கு. இன்னும் இருபது நிமிடம் தாமதித்திருந்தால் மார்ச் 1-ஆம் தேதிக்குப் போயிருக்கும் என்று குறித்துவிட்டு, அப்படிக் குறித்ததற்கு வெட்கப்பட்டேன். ஆயிரக்கணக்கானோர் மடிந்த இரவு அது.

1940-இல் ஒரு நல்ல ஜோடி அகப்பட்டது. அன்றுதான் ஆஸ்கர் விருது பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் என்ற பெயரை ஹாட்டி மெக்டேனியல் பெற்றார். அதே நாளில், அதே கலிபோர்னியாவில், பெர்க்லியில் இயற்பியலாளர் எர்னஸ்ட் லாரன்ஸிடம் நோபல் பரிசு ஒப்படைக்கப்பட்டது. போரின் காரணமாக அவர் ஸ்டாக்ஹோம் போக முடியவில்லை. இரண்டையும் அருகருகே வைத்த பட்டியல் எதையும் நான் பார்த்ததில்லை. அன்று முழுவதும் கொஞ்சம் தலைக்கனத்தோடு திரிந்தேன்.

இரண்டாம் வாரத்தில் எல்லாவற்றையும் கணினி விரிதாளில் ஏற்றினேன். ஆண்டு வாரியாக அடுக்கச் சொன்னால் ரொஸ்ஸினி கடைசியில் போய் நின்றார். 1900-க்கு முந்தைய எதையும் அந்த விரிதாள் தேதியாகவே ஏற்கவில்லை, வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பத்திகளாகப் பிரித்த பிறகுதான் ஒழுங்குக்கு வந்தது. இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலிலேயே பிரித்துவிடுங்கள். அதைவிட வேடிக்கை, சோதனைக்காக 29-02-1900 என்று தட்டிப் பார்த்தபோது மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது. 1900 லீப் ஆண்டே இல்லை. நூற்றாண்டு முடியும் ஆண்டு 400-ஆல் வகுபட்டால்தான் லீப். மென்பொருள் எழுதியவர்களைவிட எனக்குத் தெரியும் என்ற மிதப்பில், அந்தத் தேதியைத் தட்டினால் சிவப்பாக எச்சரிக்கும்படி ஒரு தடை போட்டு வைத்தேன்.

அந்த மிதப்பு இரண்டு நாள்கூட நீடிக்கவில்லை. ஒவ்வொருவரும் வாழ்நாளில் எத்தனை 'உண்மையான' பிறந்தநாளைப் பார்த்தார்கள் என்று ஒரு பத்தி சேர்த்தேன். ரொஸ்ஸினி 76 வயதில் இறந்தார். நான்கால் வகுத்து 19 என்று போட்டேன். தவறு. 1800-உம் லீப் இல்லை. சரியான விடை 18. மொரார்ஜிக்கு 24 என்று எழுதியிருந்தேன், அவருக்கு 23.

திருத்தும்போதுதான் அது கண்ணில் பட்டது. 1896-இல் பிறந்த மொரார்ஜிக்கு 1900-இல் பிறந்தநாள் இல்லை. முதல் பிப்ரவரி 29-க்கு எட்டு வயது வரை காத்திருந்தார். அது 1904. அன்றுதான் ருக்மிணி தேவி பிறந்தார். 1977-இல் பிரதமரான மொரார்ஜி, குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி ருக்மிணி தேவியைக் கேட்டார். அவர் வேண்டாம் என்றுவிட்டார். ஏற்று, வென்றும் இருந்தால் நாட்டின் இரு உயர் பதவிகளிலும் பிப்ரவரி 29-இல் பிறந்தவர்கள் இருந்திருப்பார்கள். இன்னொன்று: மொரார்ஜி பிரதமராக இருந்தது 1977 மார்ச்சிலிருந்து 1979 ஜூலை வரை. அந்த இடைவெளியில் ஒரு பிப்ரவரி 29 கூட வரவில்லை. வெறும் பெயர்ப்பட்டியலில் இதெல்லாம் தெரியாது. பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டதால் தெரிந்தது.

மூன்றாம் வாரம் கொலம்பஸ் வந்து சேர்ந்தார், கூடவே தலைவலியும். 1504 பிப்ரவரி 29 அன்று ஜமைக்காவில் சிக்கிக்கிடந்த அவர், கையிலிருந்த பஞ்சாங்கத்தில் சந்திர கிரகணம் இருப்பதைப் பார்த்து, 'கடவுள் நிலவை மறைக்கப் போகிறார்' என்று தீவு மக்களை மிரட்டி உணவு வாங்கினார். ஆனால் கிரகணம் உச்சத்துக்கு வந்தபோது ஐரோப்பாவில் நள்ளிரவு தாண்டி மார்ச் 1 பிறந்துவிட்டது. போதாக்குறைக்கு அது ஜூலியன் நாட்காட்டியின் தேதி, அதாவது அன்று ஐரோப்பா பின்பற்றிய பழைய கணக்கு. இன்றைய கிரகோரியன் கணக்கில் பின்னோக்கிப் போனால் மார்ச் 10. ஒரே நிலவு, ஒரே கிரகணம், மூன்று தேதிகள். எதை எழுதுவது?

நான்கு நாட்கள் ஒன்றும் எழுதவில்லை. அந்த நேரத்தில் ஸ்வீடனைப் பற்றிப் படித்துப் பொழுதைப் போக்கினேன். ஜூலியனிலிருந்து கிரகோரியனுக்கு மெல்ல மாற நினைத்து 1700-இல் லீப் நாளை விட்டார்கள். அடுத்த இரண்டு முறை விட மறந்தார்கள். கடைசியில் பழைய கணக்குக்கே திரும்ப 1712-இல் பிப்ரவரி 30 என்று ஒரு நாளைச் சேர்த்தார்கள். என் பட்டியலுக்கு இது பயன்படாது. ஆனாலும் ஆறுதலாக இருந்தது.

பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். சம்பவம் நடந்த இடத்தில், அதற்கு உரியவர்கள் அன்று என்ன தேதி என்று சொல்லியிருப்பார்களோ அதுதான் தேதி. மாற்றுத் தேதி பக்கத்துப் பத்தியில் போகும். கொலம்பஸ் உள்ளே வந்தார்.

விதியைப் போட்ட மூன்றாம் நாள் கிரேக்கக் கவிஞர் ஜார்ஜ் செஃபெரிஸ் வந்தார். 1963-இல் இலக்கிய நோபல் பெற்றவர். நூல்களில் அவர் பிறந்தநாள் 1900 மார்ச் 13. ஆனால் அவர் பிறந்தபோது கிரேக்கர்கள் பின்பற்றியது ஜூலியன் நாட்காட்டி. அதில் நூற்றாண்டு விதிவிலக்கு கிடையாது. 1900-உம் லீப் ஆண்டுதான். அந்தக் கணக்கில் அவர் பிறந்த நாள் பிப்ரவரி 29.

மார்ச் 13-ஐ மாற்றுத் தேதிப் பத்தியில் எழுதினேன். பிறகு, பெருமையாகப் போட்டிருந்த அந்தத் தடையைத் தேடி எடுத்து நீக்கிவிட்டு 29, 2, 1900 என்று தட்டினேன். சிவப்பு வரவில்லை.