காரணம் சொல்லாத நோட்டீஸ்

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். வரித்துறை நோட்டீஸ்களுக்குப் பதில் தயார் செய்வது என் வேலையில் பெரும்பங்கு. மஞ்சள் மண்டிக்காரர்கள், விசைத்தறி வைத்திருப்பவர்கள், ஜவுளி மொத்த வியாபாரிகள் எல்லாம் எங்கள் கிளையன்ட்கள். யாராவது பதறிப்போய் ஒரு நோட்டீஸை நீட்டினால், தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் அது எந்தப் பிரிவின் கீழ் வந்திருக்கிறது, எந்தக் காலத்துக்கானது, பதில் சொல்ல எத்தனை நாள் இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பேன். அது தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். குற்றச்சாட்டு என்னவென்று தெரிந்தால் பதில் எழுதிவிடலாம்.

அப்படிப் பழகிய எனக்கு, எங்கள் அலுவலகத்தின் மெயிலும் கோப்புகளும் இருந்த கிளவுட் சந்தா நிறுத்தப்பட்டபோது வந்த அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. பயன்பாட்டுக் கொள்கையை மீறியதாகத் தெரிவதால் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். எந்தக் கொள்கையின் எந்தப் பகுதி, எந்த மெயில், எந்தக் கோப்பு, எந்தத் தேதி என்று எதுவும் இல்லை. கீழே மேல்முறையீடு செய்ய ஒரு சுட்டி இருந்தது. அதை அழுத்தினால் சில வரிகள் மட்டும் எழுத இடம் தரும் ஒரு படிவம் வந்தது. என்ன குற்றம் என்றே தெரியாமல் அதில் என்ன எழுதுவது?

அலுவலகத்தில் எல்லோருடைய மெயிலும் போயிற்று. கிளையன்ட்களின் கோப்புகளைப் பிரித்து வைத்திருந்த பொது ஃபோல்டரும் திறக்கவில்லை. மாதத்தின் இரண்டாவது வாரம் அது. 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு 18 சதவீத வட்டி. கணக்குகள் எங்கள் சர்வரிலேயே டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருந்ததால் ரிட்டர்ன் தாக்கல் செய்வதில் பெரிய சிக்கல் இல்லை. மெயில்தான் பெரிய தலைவலி. சின்ன வியாபாரிகள் பலருக்குச் சொந்தமாக மெயில் ஐடி கிடையாது. ஜிஎஸ்டி பதிவின்போது ஆடிட்டர் அலுவலக ஐடியைத்தான் கொடுத்திருப்பார்கள். துறையிலிருந்து நோட்டீஸ் வந்தால் தகவல் எங்களுக்குத்தான் வரும். ஒருவருடைய பதிவை ரத்து செய்வது பற்றி ரெக்-17 படிவத்தில் விளக்கம் கேட்டிருந்தால், பதில் சொல்ல 7 வேலை நாட்கள்தான். அந்தத் தகவல் செத்துப்போன ஒரு பெட்டியில் வந்து விழுந்தால், அல்லது விழாமலே போனால், அவருடைய தொழில் என்ன ஆகும்? அன்றிலிருந்து நாங்கள் ஒவ்வொரு கிளையன்டின் போர்ட்டலாக உள்ளே போய் நோட்டீஸ் ஏதாவது வந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க ஆரம்பித்தோம். அலுப்பான வேலை. ஆனால் வேறு வழியில்லை.

மண்டிக்காரர் ஒருவர் போன் செய்தார். “என்னங்க, நீங்க குடுத்த மெயிலுக்கு அனுப்புனா திரும்பி வருதுங்க. ஆபீஸ மூடிட்டீங்களா?” அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் எங்கள் தொழிலில் நம்பிக்கைதான் முதல். மெயில் திரும்பி வருகிறது என்று ஊருக்குள் நாலு பேர் பேசினால் அது வேறு மாதிரி ஆகிவிடும். அன்றே எல்லோருக்கும் போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிட்டோம்.

நிறுவனத்தின் உதவி மையத்தைத் தொடர்புகொள்ள, உள்ளே நுழைந்து டிக்கெட் போடச் சொன்னார்கள். உள்ளே நுழையத்தான் முடியவில்லையே! பில்லிங் பிரிவில் ஒருவர் கிடைத்தார், பொறுமையாகவே பேசினார். ஆனால் கொள்கை மீறலைப் பார்க்கும் குழு தனி என்றும், அவர்களிடம் பேச தனக்கே வழியில்லை என்றும் சொன்னார். லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த ரீசெல்லரும் கோயம்புத்தூரிலிருந்து தன்னால் முடிந்ததைச் செய்தார். படிவத்தில் அனுப்பிய சுருக்கமான முறையீட்டுக்குச் சீக்கிரமே பதில் வந்தது: கவனமாகப் பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. எதைப் பரிசீலித்தார்கள் என்பது அதிலும் இல்லை.

துறையைப் பற்றி எங்களுக்கு நிறையக் குறைகள் உண்டு. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்வதற்கு முன் ரெக்-17இல் விளக்கம் கேட்க வேண்டும். நாம் ரெக்-18இல் பதில் சொல்லலாம். ஏற்றுக்கொண்டால் ரெக்-20, இல்லையென்றால் ரெக்-19 என்று அதிகாரி உத்தரவு போட வேண்டும். ரத்தானாலும் 90 நாட்களுக்குள் ரெக்-21இல் மீட்கக் கேட்கலாம், அதற்கும் மேலே 107ஆம் பிரிவில் அப்பீல் உண்டு. காரணமே சொல்லாமல் ஒரு வரியில் பதிவை ரத்து செய்த உத்தரவை 2022இல் அகர்வால் டையிங் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதே வருடம் சென்னை உயர் நீதிமன்றம், சுகுணா கட்பீஸ் சென்டர் வழக்கில், ரிட்டர்ன் தாக்கல் செய்யாததால் பதிவை இழந்த வியாபாரிகளுக்கு நிலுவையையும் வட்டியையும் கட்டித் திரும்பி வர வழி செய்தது. அந்தத் தீர்ப்பைக் காட்டி இந்தப் பகுதியில் எத்தனையோ பேர் மறுபடி கடை நடத்துகிறார்கள். ஒரு வியாபாரியின் பதிவுக்கு இவ்வளவு பாதுகாப்பு இருக்கும்போது, அதே வியாபாரியின் கோப்புகளும் அவருக்கு வரும் மெயிலும் இருக்கும் இடத்தைப் பூட்டுவதற்கு ஒரு வரி போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

சரி, எங்களுக்குத் தெரிந்த முறையிலேயே எழுதுவோம் என்று எங்கள் ஆடிட்டர் சாரிடம் சொன்னேன். “விளக்கம் கேட்டு வர்ற ஷோ காஸ் நோட்டீஸுக்குப் பதில் எழுதற மாதிரியே எழுதுங்க,” என்றார். குற்றச்சாட்டு இல்லாததால், எங்கள் செயல்களில் எவையெல்லாம் ஒரு தானியங்கிக் கண்காணிப்புக்குத் தவறாகத் தெரியக்கூடும் என்று நாங்களே உட்கார்ந்து யோசித்தோம். மாதக் கடைசியில் ஒரே மாதிரியான நினைவூட்டல் மெயில்கள் பலருக்கும் போகும். கிளையன்ட்கள் பான் கார்டு, ஆதார் நகல்களை எங்கள் ஃபோல்டரில் ஏற்றுவார்கள். நாங்கள் அனுப்பும் அறிக்கைகள் கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்புகளாக இருக்கும். ஒவ்வொன்றையும் தனிப் பத்தியாக்கி, என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம், அதை எப்படிச் சரிபார்க்கலாம் என்று எழுதினோம். இந்திய பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில் எங்கள் ஃபர்ம் பதிவான எண், எங்கள் ஜிஎஸ்டி சான்றிதழ், எங்கள் மெயில் முகவரிகளின் டொமைன் எங்கள் பெயரில் இருப்பதற்கான ஆதாரம், அந்த கிளவுட் நிறுவனமே இத்தனை வருடமாக எங்களுக்குப் போட்ட பில்கள் எல்லாம் இணைத்தோம். பிரச்சனை ஏதாவது ஊழியரின் கணக்கை யாரோ திருடியதால் வந்திருக்குமோ என்று எல்லாக் கணினிகளையும் சோதித்து, அதையும் எழுதினோம். உள்நுழைவுப் பதிவுகள் அவர்களிடம்தான் இருக்கின்றன, அவற்றைப் பார்த்து எங்களுக்கும் சொல்லுங்கள் என்று கேட்டோம்.

ஒரு இடத்தில் மட்டும் நீண்ட நேரம் தயங்கினோம். கிளையன்ட்களின் உண்மையான கோப்புகளை இணைத்தால் சீக்கிரம் புரிந்துவிடும் என்று எங்களிடம் ஆர்ட்டிகிள், அதாவது சி.ஏ. பயிற்சி, படிக்கும் பெண் சொன்னாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் கிளையன்டின் சம்மதமில்லாமல் அவருடைய விவரத்தை வெளியே கொடுப்பது பட்டயக் கணக்காளர் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி தொழில் ஒழுங்கீனம். நாங்கள் தப்பிக்க அவர்களுடைய காகிதத்தைக் காட்டக் கூடாது என்று சார் உறுதியாக இருந்தார். பெயர், பான் எண், தொகை எல்லாவற்றையும் மறைத்த மாதிரிகளைத்தான் அனுப்பினோம். கிளையன்ட்களில் சிலர் தாங்களாகவே முன்வந்து, இந்த மெயில்கள் நாங்கள் கேட்டு வருபவைதான் என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அதில் ஒருவர் மஞ்சள் மண்டியின் லெட்டர்பேடில் தமிழிலேயே எழுதியிருந்தார். அப்படியே இணைத்து, கீழே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் வைத்தோம்.

கடைசிப் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வழக்குகளில் வேண்டுகோளைப் படிப்படியாக வைப்பார்கள்: இதைக் கொடுங்கள், முடியாவிட்டால் இதையாவது. நாங்களும் கணக்கைத் திரும்பத் தரும்படி கேட்டோம். மறுத்தால் எந்த விதி, எந்தக் கோப்பு, எந்தத் தேதி என்று சொல்லும்படி கேட்டோம். எந்த முடிவானாலும் எங்கள் தரவை எடுத்துக்கொள்ள அனுமதி தரும்படி கேட்டோம். ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும், தணிக்கைக் காகிதங்களுக்குக் குறைந்தது 7 ஆண்டுகள். இந்தக் கடமையை நாங்கள் மீற நீங்கள் காரணமாகிறீர்கள் என்று பிரிவுகளோடு எழுதினேன். இந்தியாவில் 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, பிறருடைய தகவலைச் சேமித்துத் தரும் இடைநிலை நிறுவனங்கள் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, குறித்த காலத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அலுவலருக்கும் நகல் போனது.

இதற்கிடையில் மெயிலுக்கு வேறு வழி பார்த்தோம். டொமைனை நாங்கள் வேறொரு இடத்தில் தனியாகப் பதிவு செய்திருந்ததால், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றிப் புது மெயில்களை இன்னொரு சேவைக்குத் திருப்பிவிட முடிந்தது. பழையவை அந்தப் பக்கமே இருந்தன. சில கணினிகளில் ஃபோல்டர்களின் நகல் இருந்தது. இணைப்பைத் துண்டித்து, அவற்றை முதலில் தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்தோம்.

விரிவான முறையீட்டுக்கு வந்த பதிலில் முதல்முறையாக ஒரு மனிதரின் பெயர் இருந்தது. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஒரே நேரத்தில் பலருக்குப் போன கடவுச்சொல் இட்ட கோப்புகளில் என்ன இருக்கிறது, பெறுபவர்களுக்குக் கடவுச்சொல் எப்படித் தெரியும்? எங்களுக்குக் கிடைத்த முதல் குற்றச்சாட்டு அதுதான். கேள்வி வடிவில் வந்தது என்பதைத் தவிர வேறு குறையில்லை.

அதற்குப் பதில் எழுத எங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. வருமான வரித்துறையே, ரிட்டர்னைப் பரிசீலித்த பின் தரும் 143(1) அறிவிப்பை அப்படித்தான் அனுப்புகிறது. பான் எண்ணைச் சிறிய எழுத்தில் போட்டு, பின்னால் பிறந்த தேதியைச் சேர்த்தால் கோப்பு திறக்கும். எங்கள் துறையில் பூட்டாமல் அனுப்புவதுதான் பொறுப்பில்லாத செயல். அவர்களுடைய பார்வையிலோ, உள்ளே பார்க்க முடியாத கோப்பு பலருக்கும் போகிறது என்றால் வைரஸ் பரப்புகிறவர்களின் நினைவு வரும். அதுவும் உண்மைதான், பூட்டிய ஜிப் கோப்புகள் வழியாகப் பல காலமாகத் தீங்கு நடந்துகொண்டிருக்கிறது. அவர்களுடைய சந்தேகத்தை நான் குறை சொல்லவில்லை. அதை முதல் நாளே எங்களிடம் கேட்டிருந்தால் அன்றே பதில் சொல்லியிருப்போம். கேட்காமல் பூட்டியதுதான் தவறு.

விவரம் சொன்னால் மோசடிக்காரர்கள் தப்பிக்கும் வழியைக் கற்றுக்கொள்வார்கள் என்று நிறுவனங்கள் சொல்வது வழக்கம். யாரென்றே தெரியாத இலவசக் கணக்குக்கு அது ஓரளவு பொருந்தலாம். வருடக்கணக்காகப் பணம் கட்டி, முகவரியும் வரி எண்ணும் கொடுத்திருக்கும் ஒரு தொழிலுக்கு, எந்தத் தேதியில் போன எந்த மெயில் என்று சொல்வதால் என்ன ரகசியம் போய்விடும்? ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 17ஆம் பிரிவில் இதைக் கட்டாயமே ஆக்கியிருக்கிறது. உள்ளடக்கம் விதியை மீறியதாகச் சொல்லி ஒரு கணக்கை நிறுத்தினால், எந்த விதி, என்ன உண்மைகள், தானியங்கி முறை பயன்பட்டதா, எங்கே முறையிடலாம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரி 17 முதல் அங்கே அது முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அங்கே முடிவது இங்கேயும் முடியும். 2025 ஜூலையில் ஐரோப்பியத் தடையைத் தொடர்ந்து, எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனமான நயாரா எனர்ஜியின் சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அந்த நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது, அந்த மாதம் முடிவதற்குள் சேவை திரும்பியது. காரணம் வேறுதான், ஆனாலும் சுத்திகரிப்பு ஆலை நடத்துகிறவர்களால் அப்படி நீதிமன்றம் போக முடிந்தது. பெருந்துறைச் சாலையில் நாலு மேசை போட்டிருக்கும் அலுவலகத்துக்கு யார் இருக்கிறார்கள்?

கணக்கு ஒரு மாலை நேரத்தில் திரும்ப வந்தது. மீட்கப்பட்டது என்று இரண்டு வரி மட்டும். எந்த விதியை மீறியதாக நினைத்தார்கள் என்பது அதிலும் இல்லை. ஆர்ட்டிகிள் பெண் கைதட்டினாள். சார் எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, முதல் வேலையாகத் தரவு முழுவதையும் இறக்கச் சொன்னார்.

அப்புறம் கிளையன்ட்களை ஒவ்வொருவராக அழைத்து, அவர்கள் பெயரிலேயே மெயில் ஐடி உருவாக்கிக் கொடுத்து, ஜிஎஸ்டி போர்ட்டலில் மாற்றிக்கொண்டிருக்கிறோம். ஓடிபி வாங்கி மாற்ற வேண்டியிருப்பதால் மெதுவாகத்தான் நடக்கிறது. வயதான தறிக்காரர்கள் சிலர், “நீங்களே வெச்சுக்கங்க, எங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?” என்கிறார்கள். அவர்களுடைய மகனையோ மகளையோ கூட்டிவரச் சொல்லி விளக்குகிறோம். கிளவுட் நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் போயிருக்கிறது: நிறுத்தியதற்கான விதி எண்ணையும் எந்த மெயில் என்பதையும் எழுத்தில் தாருங்கள், எங்கள் மேல் பதிவான குறிப்பை நீக்கியாயிற்றா என்று சொல்லுங்கள். கணக்குதான் வந்துவிட்டதே, இனி எதற்கு என்று ரீசெல்லர் கேட்டார். ரெக்-20 உத்தரவு கையில் வராமல் எந்த ஃபைலையும் நான் முடித்து வைத்ததில்லை. இந்தக் கடிதத்துக்கும் நினைவூட்டல் அனுப்பிக்கொண்டுதான் இருப்பேன்.