அப்பாவின் கைத்தடி

ஜூன் 2, காவேரிப்பட்டணம்

கண்ணில் பிரஷர் வந்து அப்பாவுக்கு இடது கண் முழுக்கப் போய்விட்டது. வலது கண்ணில் நிழல் மட்டும். ஊருக்கு வந்ததும் அவர் முழங்கையைப் பிடித்து மாந்தோப்புக்குக் கூட்டிப்போனேன். வரப்பில் இரண்டு தடவை தடுமாறினார். "விடுடா, நீ பிடிச்சாத்தான் விழுறேன்" என்றார்.

ஜூன் 3

ராத்திரி தூக்கம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவர் தடியோடு வாசலில் நடந்து பார்த்தேன். உள்ளங்கையில் கட்டை உறுத்தியதுதான் தெரிந்தது. எம்.ஏ. தத்துவத்தில் படித்த பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-போந்தி நினைவுக்கு வந்தார். பார்வையற்றவருக்குப் பழகிய தடி ஒரு பொருளே இல்லை, அதன் நுனியில்தான் அவருடைய தொடு உணர்வு இருக்கிறது என்று 1945-இல் எழுதினார். தேர்வில் இதற்கு நல்ல மார்க் வாங்கினேன். இன்றுதான் புரிகிறது.

ஜூன் 5

ஒரு அனுபவம் அனுபவிப்பவருக்கு எப்படித் தோன்றுகிறது என்று ஆராய்வது தோற்றப்பாட்டியல்; மெர்லோ-போந்தியும் அந்த வழிதான். அதைத் தொடங்கிவைத்த ஹுஸ்ஸெர்ல், நமக்கு முன்பே தெரியும் என்று நினைப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கச் சொன்னார். மறுக்கச் சொல்லவில்லை. சரி, 'அப்பாவுக்குக் கண் தெரியாது' என்பதை நிறுத்திவைத்துவிட்டு, பத்தடி பின்னால் நடந்தேன். தடி 'டொக் டொக்' என்று போனது. ஓரிடத்தில் சத்தம் அமுங்கியது. நின்றார். "டியூப்பு ஒழுகுது பாரு." சொட்டுநீர்க் குழாயில் ஓட்டை. நான் அதைத் தாண்டித்தான் வந்திருந்தேன். அப்புறம் ஒரு பெங்களூரா காயை உள்ளங்கையில் ஏந்தி, கட்டைவிரலால் காம்பைச் சுற்றித் தடவினார். "மேல இன்னும் உப்பல. பத்து நாள் போகட்டும்."

ஜூன் 6

ஹுஸ்ஸெர்லின் மாணவி ஏடித் ஸ்டைன். பிறர் உணர்வை அறிவது பற்றிய அவருடைய ஆய்வு 1917-இல் அச்சானது. அடுத்தவர் படும் வலி தெரியவரும், ஆனால் அது அவருக்கு இருப்பதுபோல நேரடியாக நமக்குக் கிடைக்காது என்கிறார். அப்படியென்றால் வாசலில் கண்ணை மூடி நடந்ததில் அப்பா இல்லை. கேட்டிருக்க வேண்டும். இன்று கேட்டேன். "இருட்டு இல்லடா, புகை மாதிரி. அதுகூடப் பழகிடுச்சு. நான் உட்கார்ந்திருக்கும்போதே உங்கம்மாகிட்ட 'அவரு சாப்பிட்டாரா'ன்னு கேக்கறாங்க பாரு, அதான்..."

நானும் அப்படித்தான் கேட்டேன், வந்த அன்று.

ஜூன் 9

காய் வியாபாரி வந்தார். அப்பா கட்டிலில் இருக்க, என்னைப் பார்த்து விலை பேசினார். "தோப்பு அப்பாவோடது, அவர்கிட்டயே கேளுங்கண்ணே" என்றேன். அப்பா தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "மொதல்ல டன்னுக்கு எவ்வளவு கழிவு பிடிப்பே, அதச் சொல்லு."