சனிக்கிழமைச் சம்பளமும் ஞாயிற்றுக்கிழமை வாடகையும்

எங்கள் லைன் வீட்டில், அதாவது ஒரே வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் சின்ன வீடுகளில், ஆறு குடும்பங்கள் இருக்கின்றன. திருப்பூர் பல்லடம் ரோட்டில் வீரபாண்டிப் பிரிவிலிருந்து உள்ளே போனால் வரும் இடம். பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் சனிக்கிழமை ராத்திரி போடுவார்கள், அதனால் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடகை வாங்கப் போவது என் வழக்கம். 2025 செப்டம்பரில் அப்படிப் போனபோது ஆறில் நான்கு வீட்டில் பாதிப் பணம்தான் கிடைத்தது. ஆகஸ்ட் 27-ஆம் தேதியிலிருந்து இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி என்று ஆனதும், ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்த இடங்களில் பலரும் ஒரு ஷிப்ட்டோடு நிறுத்திவிட்டார்கள். ராத்திரி எட்டரைக்கு வீடு திரும்பியவர்கள் சாயந்திரம் ஐந்தரைக்கே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வீட்டில் இருக்கும் ஒடிசாக்காரத் தம்பி பேட்லாக் டெய்லர், பனியன் ஓரத்தை மடித்துத் தைப்பவர். “அண்ணா, மீதி அடுத்த வாரம் தந்துடறேன்” என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் சரி என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்? நானே எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், வெளிநாட்டில் வாங்குகிறவர்களின் ஆர்டரை ஷிப்மெண்ட் வரை கவனிப்பவன். எங்கள் அமெரிக்க பையர் இரண்டு ஆர்டரை நிறுத்தி வைக்கச் சொல்லி மெயில் அனுப்பியதும் அதே வாரம்தான்.

வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் நிலம், வீடு என்றே இருக்க வேண்டும் என்று எனக்குப் பத்து வருடமாக ஆசை. பணம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. எனக்கு நிலம் பார்க்கப் பிடிக்கும். ஒரு காட்டுக்குள் போய் நின்று மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், கிணறு எத்தனை அடி, கிழக்கே யார், வடக்கே யார் என்று விசாரித்துக்கொண்டே நடப்பதில் எனக்கு நேரம் போவதே தெரியாது. பழைய பத்திரம் படிப்பது அதைவிடப் பிடிக்கும். தாய்ப்பத்திரத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வந்தால் ஒரு குடும்பத்தின் அறுபது வருடக் கதை அப்படியே தெரியும், யார் கடன்பட்டார்கள், எந்த வருடம் பாகம் பிரித்தார்கள், எந்தத் தங்கச்சியின் கையெழுத்தை வாங்காமல் விட்டார்கள் என்பது வரைக்கும். பூர்வீகச் சொத்தில் பெண் மக்களுக்குப் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது, 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. ஆனாலும் “அவளுக்குத்தான் கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே” என்று அக்காவை விட்டுவிட்டு எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரங்களை நானே ஏழெட்டாவது பார்த்திருப்பேன். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுவேன்.

ஆனால் இந்த ஆசையைக் கம்பெனி நேரத்துக்குள் கொண்டுபோனதற்கு ஒருமுறை நன்றாகப் பட்டேன். 2019-ல் ஒரு ஷிப்மெண்ட் பேக்கிங் நடந்துகொண்டிருந்தது. ஒரு அட்டைப் பெட்டிக்குள் எந்த சைஸ் எத்தனை பீஸ் என்று ஒரு கணக்கு உண்டு, முதல் பெட்டியை மெர்ச்சண்டைசர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் மற்றதைக் கட்டுவார்கள். அன்றைக்குக் குன்னத்தூர்ப் பக்கம் ஒரு பூமி விலைக்கு வருகிறது என்று புரோக்கர் போனில் இருந்தார். நான் காதில் போனை வைத்துக்கொண்டே பெட்டியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டேன். லார்ஜும் மீடியமும் மாறியிருந்தது. மறுநாள் சாயந்திரம் தெரிவதற்குள் முன்னூறு பெட்டிக்கு மேல் கட்டி அடுக்கியாகிவிட்டது. ராத்திரி முழுக்க நாற்பது பேர் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து மறுபடியும் கட்டினார்கள். அதில் பாதிப்பேர் பெண்கள், சிலர் வீட்டில் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள். காலை ஐந்து மணிக்கு லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பியது. ஓனர் என்னைத் திட்டவில்லை. “ஏனுங்க தம்பி, நீங்க பாத்துச் சொன்னதுன்னு நம்பித்தானுங்க கட்டுனாங்க” என்று மட்டும் சொன்னார். அந்த நாற்பது பேரின் தூக்கத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டியவன் என்பது இன்றுவரை மனதில் இருக்கிறது.

அன்றிலிருந்து புரோக்கர்களிடம் சொல்லிவிட்டேன், ராத்திரி எட்டரைக்கு மேல்தான் போன். அதனால் நல்ல இடம் கை நழுவிப் போகுமே என்று சிலர் கேட்பார்கள். சிலது போயிருக்கிறது, உண்மைதான். ஆனால் பத்து மணி நேரம் காத்திருக்க முடியாத இடத்தில் ஏதோ ஒன்று மறைந்திருக்கிறது என்பது என் அனுபவம். வில்லங்கம், பட்டா, சிட்டா எல்லாம் இப்போது ராத்திரியில் வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். பத்திரப்பதிவுக்கும், சர்வேயர் அளக்க வரும் நாளுக்கும் மட்டும் லீவு போடுவேன், அதையும் ஷிப்மெண்ட் இல்லாத வாரமாகப் பார்த்துத்தான்.

சம்பளம் என்ன செய்கிறது என்பது எனக்குச் சேவூர்ப் பக்கம் 40 சென்ட் பேசியபோதுதான் விளங்கியது. நல்ல செம்மண், விலையும் கட்டுப்படியாகும் விலை. ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து மூன்று மாதத்துக்கு அக்ரிமெண்ட் போட்டோம். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், “தம்பி, இந்தத் தடம் யாருதுன்னு கேட்டீங்களா?” என்றார். ரோட்டிலிருந்து இட்டேரி வருகிறது, இரண்டு பக்கமும் கள்ளியும் வேலியுமாக நன்றாகத்தான் இருக்கிறது. அது ஓரிடத்தில் முடிந்து, அங்கிருந்து அறுபது அடி பங்காளி ஒருவரின் காட்டுக்குள் போய்த்தான் நமக்கு வருகிறது. பத்திரத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். ‘மாமூல் தடபாத்தியம்’, அதாவது வழக்கமாகப் போய்வரும் பாதையின் உரிமை, என்று ஒரு வார்த்தை இருந்தது, எந்தச் சர்வே நம்பர் வழியாக, எத்தனை அடி அகலம் என்று எதுவும் இல்லை. சர்வேயில் அளந்து வரைந்த புலப்படத்தில் பாதையே கிடையாது. அந்தப் பங்காளியும் நமக்கு விற்கிறவர்களும் பேச்சுவார்த்தை நின்று எட்டு வருடம் ஆகிறதாம்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அட்வான்ஸில் பாதிதான் திரும்ப வந்தது, அதுவும் ஒரு வருடம் கழித்து. ஐம்பதாயிரம் போனதில் வீட்டில் இரண்டு மாதம் வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் ஒன்றாம் தேதி சம்பளம் வந்தது, குழந்தைகளுக்கு ஃபீஸ் கட்டினோம், அரிசி வாங்கினோம். வேலை இல்லாமல் அதே இடத்தில் நின்றிருந்தால், தடத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு வாங்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஃபேப்ரிக் டிபார்ட்மெண்டில் இருந்த நண்பர் ஒருவர் 2022-ல் வேலையை விட்டார். என்னைவிடக் கெட்டிக்காரர், ஊருக்குள் எல்லோரையும் தெரியும். கையில் பன்னிரண்டு லட்சம் வைத்துக்கொண்டு இறங்கினார். முதல் சைட்டை ஆறு மாதத்தில் விற்று லாபமும் பார்த்தார். ஆனால் நிலம் மாதாமாதம் பணம் தராது. வீட்டுச் செலவு மட்டும் ஒன்றாம் தேதி வந்து நிற்கும். இரண்டாவது சைட்டை அவசரத்துக்கு வாங்கிய விலைக்கே கொடுத்தார். வாங்கிய விலைக்கு விற்றால் நஷ்டம் என்பது இந்தத் தொழிலில் பலருக்கு முதலில் உறைக்காது. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. (2023 ஏப்ரலுக்கு முன்னால் பதிவுக் கட்டணம் மட்டுமே 4 சதவீதம்.) அதற்கு மேல் புரோக்கர் கமிஷன் 2, வக்கீல் செலவு தனி. 20 லட்சம் போட்டு வாங்கிப் பத்திரத்திலும் அதையே காட்டினால் இரண்டேகால் லட்சம் போல வாங்கும் அன்றைக்கே போய்விடும், இடம் அந்த அளவு ஏறினால்தான் போட்ட முதல் வரும். லாபத்துக்கு வருமான வரி வேறு, இரண்டு வருடம் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் அவரவர் வருமானத்துக்குத் தகுந்தபடி. அப்புறம் அவர் மற்றவர்கள் இடத்தைக் கைகாட்டிவிட ஆரம்பித்தார், மாதம் ஒரு கிரயமாவது முடிய வேண்டும் என்ற நிலை. கஷ்டமான, மரியாதையான தொழில்தான் அது. ஆனால் அவர் வேலையை விட்டது புரோக்கர் ஆவதற்கு அல்ல. “மாப்ளை, வாங்கறதுக்குன்னுதான் வெளிய வந்தேன், இப்ப வாங்கறவங்களத் தேடிட்டு இருக்கறேன்” என்று என்னிடம் சொன்னபோது அவர் குரலே மாறியிருந்தது.

என் கதைக்கு வருகிறேன். 1996-ல் அப்பா வாங்கிப் போட்ட ஆறு சென்ட்டில், 2013-ல் பத்து வருடக் கடன் வாங்கி லைன் வீடு கட்டினேன். அப்பா பல்லடத்தில் கூலிக்குத் தறி ஓட்டியவர். கட்டும்போதே, “லைன் வீட்டுக்காரனும் பனியன்காரந்தான் கண்ணு, அங்க நின்னா இங்கயும் நிக்கும்” என்றார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் 2011-ஐ நான் கண்ணால் பார்த்தவன். அந்த ஜனவரி கடைசியில் நொய்யல் கெட்டுப்போன வழக்கில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது, துணிக்குச் சாயம் போட வழியில்லாமல் ஊரே திணறியது. நான் அப்போது சாம்பிள் துணியைத் தூக்கிக்கொண்டு வெளியூர்ப் பட்டறைகளுக்கு அலைந்துகொண்டிருந்தேன். போகும் வழியெல்லாம் ‘வீடு வாடகைக்கு’ என்று அட்டை தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே போனவன்தான் இரண்டு வருடத்தில் லைன் வீடு கட்டினேன்.

2020-ல் அப்பா சொன்னது அப்படியே நடந்தது. ஊரடங்கு போட்டதும் கம்பெனி நின்றது, எனக்குப் பாதிச் சம்பளம். மே மாதம் வெளிமாநிலத்துக்காரர்களுக்குச் சிறப்பு ரயில் விட்டபோது நான்கு வீடு காலி. ஊருக்குப் போகிறவர்களிடம் பாக்கி கேட்க மனசு வரவில்லை, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்கலாம் என்றதால் மூச்சுவிட்டோம், அதற்கு ஏறிய வட்டியோடு கடன் எட்டு மாதம் கூடிப் போனது. அந்த மாதங்களில்தான் என் கணக்கில் இருந்த தப்பு தெரிந்தது. வாடகை என் சம்பளத்தைத் தொடும் அன்றைக்கு வேலையை விடலாம் என்று அதுவரை நினைத்திருந்தேன். சம்பளமும் வாடகையும் ஒரே கிணற்றுத் தண்ணீர், அந்தக் கிணறு வற்றும்போது இரண்டு வாய்க்காலும் சேர்ந்தேதான் வற்றும்.

அதனால் அடுத்த வீட்டைத் திருப்பூரில் பார்க்கவே இல்லை. 2022-ல் பெருந்துறையில், மருத்துவக் கல்லூரிக்குப் போகும் பக்கம் ஒரு சின்ன வீடு 22 லட்சத்துக்கு வாங்கினோம். 13 லட்சம் கடன், பத்து வருடம், மாதம் 16,500 தவணை. கடனுக்கு பேங்க் கேட்டது என் சம்பளச் சீட்டையும், கம்பெனி தரும் வருமான வரிச் சான்றான ஃபார்ம் 16-ஐயும்தான். நோட்டில் எழுதி வாங்கும் லைன் வீட்டு வாடகையை அவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேலையை விட்டுவிட்டு நிலம் வாங்கலாம் என்று வருடக்கணக்காக யோசித்த எனக்கு, நிலம் வாங்கும் தகுதியே அந்த வேலையால்தான் வருகிறது என்பதை பேங்க் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துதான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த வீட்டில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் குடும்பம் இருக்கிறது. வாடகை 9,000. 2025 செப்டம்பரிலும் ஐந்தாம் தேதி சரியாக வந்தது, அந்த மாதம் அந்த ஒரு மெசேஜைப் பார்த்தபோது என் மனைவி கண் கலங்கிவிட்டாள்.

இப்போது என் கணக்கு இது. லைன் வீட்டில் பாதி காலியாக இருந்தால் 4,500 வீதம் 13,500. அதோடு பெருந்துறை 9,000. தவணை போக மிச்சம் 6,000. எங்கள் வீட்டுச் செலவு 35,000. தவணை 2032-ல் முடிந்தால் 22,500 நிற்கும், அப்போதும் போதாது. பனியனை நம்பாத ஊரில் இன்னும் ஒரு வீடு வேண்டும், அது அமையும் வரை வேலைதான். இதைச் சொல்லும்போது முன்பு இருந்த எரிச்சல் இப்போது இல்லை. காலையில் லேப் டிப், அதாவது சாயம் போட்டு வரும் சாம்பிள் துணியின், நிறம் பார்க்கும்போது நிறத்தை மட்டும் பார்க்கிறேன்.

ஒடிசாத் தம்பி மீதியை இரண்டு தவணையாகக் கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு பார்க்கப் போகிறோம், புரோக்கர் பத்திர நகலை நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு அனுப்பினார். தடம் கிழக்கே பஞ்சாயத்து ரோடு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பழைய பாகப்பிரிவினையில் இரண்டு பெண்களின் கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அந்தப் பக்கம் மட்டும் நகலில் மங்கலாக விழுந்திருக்கிறது.