டோஸ்டர் போச்சு, பாதாம் பிழைத்தது

எக்ஸ்ரே பெல்ட்டில் பெட்டி உள்ளே போனது, வெளியே வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் கையைத் தூக்கி இன்னொருவரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"உள்ளே டோஸ்டர் வச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தேன். சிட்னியில் கப்பல் ஏறி, டாஸ்மன் கடலைத் தாண்டி, நியூசிலாந்துத் துறைமுகங்களைத் தொட்டுவிட்டு மறுபடி சிட்னிக்கே திரும்பும் 12 இரவுப் பயணம் அது. எங்கள் 9 வயது மகளுக்கு சீலியாக் என்ற நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் அவளுக்கு ஆகாது. "ஒரு வாய்தானே" என்ற பேச்சுக்கே இடமில்லை. சாதாரண ரொட்டி சுட்ட டோஸ்டரில் ஒட்டியிருக்கும் துணுக்கு அவள் ரொட்டியில் பட்டாலே போதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். அதனால் அவளுக்கென்று தனி டோஸ்டர். வீட்டில் அதை வேறு யாரும் தொடக்கூடாது. அதையே துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

இதில் வெட்கம் என்னவென்றால், நான் விதிகளைப் படிக்காமல் போனவள் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பே கப்பல் நிறுவனத்துக்கு எழுதி, சிறப்பு உணவுக்கான படிவத்தை நிரப்பி, டாக்டர் கடிதத்தையும் இணைத்து அனுப்பியிருந்தேன். பதிலும் வந்தது. கடையில் வாங்கிய, பிரிக்காத, ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லாத உணவு கொண்டுவரலாம். வீட்டில் செய்தது கூடாது. நாங்கள் கொண்டுவருவதைக் கப்பல் சமையலறை வாங்கி வைக்கவோ சூடாக்கித் தரவோ செய்யாது. எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் மின்சாதனப் பட்டியல் வேறொரு பக்கத்தில் இருந்தது. உணவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த நான் அதைத் திறக்கவே இல்லை.

கேபினில் சூடாக்கும் பொருள் எதுவும் கூடாதாம். டோஸ்டர், கெட்டில், இஸ்திரிப்பெட்டி, தண்ணீரில் போடும் ஹீட்டர் எல்லாமே தடை. காரணத்தைச் சொன்னதும் எனக்கு எதிர்த்துப் பேச ஒன்றுமில்லை. நடுக்கடலில் ஒரு கேபினில் தீப்பிடித்தால் எந்தத் தீயணைப்பு வண்டி வரும்? டோஸ்டரில் ஒரு அட்டையைக் கட்டி, கேபின் எண்ணை எழுதி, எனக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். கடைசி நாள் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்து டப்பாவைத் திறக்கச் சொன்னார்கள். முந்தின நாள் ராத்திரி நானே குளூட்டன் இல்லாத மாவில் சுட்ட பிஸ்கட். வீட்டில் செய்தது கூடாது என்று படித்திருந்தும், "பிஸ்கட்தானே, கெட்டா போகும்" என்று ஒரு குருட்டு நம்பிக்கை. டாக்டர் கடிதத்தை நீட்டினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கடிதம் சரி. ஆனா இதை யார் செஞ்சது, எப்படிச் செஞ்சதுன்னு கப்பலுக்குத் தெரியாதே." ஆயிரக்கணக்கானவர்கள் அடைந்து கிடக்கும் இடத்தில் வாந்தி பேதி கிளப்பும் நோரோவைரஸ் மாதிரி ஒன்று கிளம்பிவிட்டால், எந்தச் சாப்பாட்டிலிருந்து வந்தது என்று தேடவேண்டியிருக்கும். அந்தத் தேடலில் வீட்டு டப்பாக்களுக்குக் கணக்கே இருக்காது. அங்கேயே சாப்பிட்டு முடிக்கலாம், இல்லையென்றால் குப்பைத்தொட்டி என்றார்கள். வரிசைக்கு ஓரமாக நின்று மூன்று பேரும் ஆளுக்கு நான்கு பிஸ்கட் தின்றோம். ஐந்தாவதை மகள் பாதியில் நிறுத்திவிட்டு, "போதும்மா" என்றாள். மிச்சத்தை நானே தொட்டியில் கொட்டினேன்.

கப்பலுக்குள் போனது: சீல் பிரிக்காத ரொட்டிப் பாக்கெட் நான்கு, அரிசி கிராக்கர், வறுத்த பாதாம், ஒரு சின்னப் புட்டி தேன். பாதாமில் ஒரு பாகத்தை இடம் மிச்சமாகட்டும் என்று ஜிப் கவருக்கு மாற்றியிருந்தேன். அது போச்சு. லேபிள் இல்லாத கவரில் இருப்பது, அவர்களைப் பொறுத்தவரை பிரித்த பாக்கெட்.

ரொட்டியை சிட்னியிலேயே வாங்கியது மட்டும் நான் செய்த ஒரு நல்ல காரியம். பல நாடுகளில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சடிக்கலாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அந்தச் சலுகை கிடையாது. பரிசோதனையில் தென்படவே கூடாது. ஓட்ஸ் சேர்ந்த பண்டத்துக்கு அந்த வார்த்தையைப் போடவே முடியாது. சீலியாக் குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே கடைக்குப் போவது ஒரு நிம்மதி.

கப்பலில் சாப்பாடு நான் பயந்த அளவு மோசமில்லை. ஹெட் வெயிட்டர் தினமும் இரவு மறுநாள் மெனுவைக் கொண்டுவந்து, மகளிடமே கேட்டு எழுதிக்கொண்டு போவார். காலை டோஸ்ட்தான் பிரச்சினை. பஃபேயில் இருந்தது நகரும் கம்பிப் பட்டை மேல் ரொட்டி போகிற டோஸ்டர். ஊரில் இருக்கிற ரொட்டியெல்லாம் அதில்தான் போகிறது. ரொட்டியை உள்ளே போட்டு டோஸ்டரில் வைக்கிற பைகள் கையோடு கொண்டுபோயிருந்தேன், அவை அதற்குச் சரிப்படாது. கடைசியில் ஹெட் வெயிட்டரிடமே சொன்னேன். கப்பலில் இருந்த குளூட்டன் இல்லாத ரொட்டியை அலுமினியத் தாளில் சுற்றி, தனித் தட்டில் ஓவனில் சூடாக்கிக் கொடுத்தார்கள். முதல் நாளே கேட்டிருந்தால் டோஸ்டரே தேவைப்பட்டிருக்காது.

இதுவரை கப்பல் விதி. இனி நாட்டு விதி. இரண்டும் ஒன்றுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கப்பலுக்குப் பயம் கிருமியும் நெருப்பும். நாட்டுக்குப் பயம் பூச்சியும் விதையும் கால்நடை நோயும். கப்பல் இலவசமாகக் கொடுக்கிற ஆப்பிள் கப்பலுக்குள் வெறும் ஆப்பிள்தான். அதே ஆப்பிளைப் பையில் போட்டுக்கொண்டு நியூசிலாந்துக் கரையில் இறங்கினால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம் காத்திருக்கிறது. அதிகாரிகளிடம் சொல்லிவிட்டால் அபராதம் இல்லை. தடைசெய்த பொருளாக இருந்தால் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் மறைத்ததற்கும் மறந்ததற்கும்தான் காசு.

டாஸ்மனைக் கடந்து, மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்திருக்கும் மில்ஃபோர்ட் சவுண்டைக் கப்பல் தளத்தில் நின்றே பார்த்துவிட்டு, நாங்கள் முதலில் இறங்கிய இடம் டுனேடினுக்குப் பக்கத்தில் உள்ள போர்ட் சால்மர்ஸ். என்ன கொண்டுவருகிறோம் என்று சொல்லும் பிரகடனப் படிவத்தில் உணவு பற்றிய கேள்விக்கு என் கணவர் 'இல்லை' என்று போடப் பார்த்தார். "கொஞ்சம் பாதாமும் கிராக்கரும்தானே, எதுக்கு வம்பு?" பிஸ்கட் டப்பாவை நினைத்துக்கொண்டு 'ஆம்' என்று போடவைத்தேன். தேன் புட்டியைக் கேபினிலேயே விட்டுவிட்டோம். தேனீ நோய்க்குப் பயந்து தேனை அந்த நாட்டுக்குள் விடுவதில்லை.

இறங்கும் வழியில் பெரிய தொட்டி இருந்தது. கடைசி வாய்ப்பு. சும்மா ஒரு தடவை பார்ப்போம் என்று மகளின் பையைத் துழாவினேன். பக்கவாட்டுப் பையில், மஃப்ளருக்கு அடியில், ஒரு மாண்டரின் ஆரஞ்சு. எப்போது எடுத்தாளோ தெரியாது. பஃபேயிலிருந்து "அப்புறம் சாப்பிடுறேன்" என்று வைத்ததாம். தொட்டியில் போட்டேன். கை கொஞ்சம் நடுங்கியது.

அதன் பிறகுதான் நாய் வந்தது. பச்சைக் கோட்டு மாட்டிய பீகிள், வரிசையில் ஒவ்வொரு பையாக மோந்துகொண்டே வந்து, மகளின் பைக்கு முன்னால் அமைதியாக உட்கார்ந்துவிட்டது. குரைக்கவில்லை, பிராண்டவில்லை. உட்கார்ந்தால் அர்த்தம் இதில் ஏதோ இருக்கிறது என்று. அதிகாரி பையைக் கொட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. "இப்பதான் ஒரு ஆரஞ்சைத் தொட்டியில போட்டோம்" என்றேன். சிரித்தார். வாசனை துணியில் தங்கிவிடும், நாய் பொய் சொல்லவில்லை என்றார். 2015இல் ஆக்லாந்தில் குயின்ஸ்லாந்துப் பழ ஈ தென்பட்டு, அந்த வட்டாரத்துக்காரர்கள் பல மாதம் சொந்தத் தோட்டத்துப் பழத்தைக்கூட வெளியே கொண்டுபோக முடியாமல் இருந்ததை அவர்தான் சொன்னார். பாதாமின் லேபிளைத் திருப்பிப் பார்த்தார், கிராக்கரின் பொருள் பட்டியலைப் படித்தார், இரண்டையும் திருப்பிக் கொடுத்தார். மொத்தம் மூன்று நிமிஷம்.

சிட்னி திரும்பியபோது மறுபடி ஒரு படிவம், மறுபடி 'ஆம்'. மிச்சமிருந்த ரொட்டியைக் காட்டினேன். பேச்சுவாக்கில் வீட்டு பிஸ்கட்டைப் பற்றிக் கேட்டுவைத்தேன். நன்றாக வெந்தது, இறைச்சி இல்லாதது, வெளியே வைத்தாலும் கெடாதது என்றால் எங்களுக்குப் பிரச்சினையில்லை, சொல்லிவிட்டால் போதும் என்றார் அந்த அதிகாரி. நாடு ஒத்துக்கொள்கிற பிஸ்கட்டைக் கப்பல் ஒத்துக்கொள்ளவில்லை, கப்பல் கையில் கொடுத்த ஆரஞ்சை நாடு ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்கு முன்பு, கப்பலைவிட்டு இறங்கும் காலை, சீட்டை எடுத்துக்கொண்டு டோஸ்டர் வாங்கப் போனேன். நான் ஒருத்திதான் இருப்பேன் என்று நினைத்தால், நீண்ட வரிசை. எனக்கு முன்னால் இருந்தவர் கெட்டில், பின்னால் இருந்த அம்மா இஸ்திரிப்பெட்டி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். மகள் டோஸ்டரை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அம்மா, இதையும் டிக்ளேர் பண்ணணுமா?"