வாரத்துக்கு ஒரு தவணை

ஜூன் 2

பரணை ஒழித்தபோது காக்கி அட்டை போட்ட ஐந்து பைண்டுகள் கிடைத்தன. ‘பொன்னியின் செல்வன்’, கல்கி பத்திரிகையில் வந்தபடியே வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. அத்தைப்பாட்டியின் சேமிப்பு. மணியத்தின் படங்கள் பழுப்பேறியும் அழகாகத்தான் இருக்கின்றன. நான் இதைப் புத்தகமாகப் பதினோரு நாளில் படித்து முடித்தவன். பத்திரிகையில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வந்திருக்கிறது. முதல் இதழ் வந்த வாரம் பிறந்த குழந்தை, கடைசி இதழைக் கிழித்து வைக்கும் வயதுக்கு வந்திருக்கும்.

வாரத்துக்கு ஒரு தவணைதான் படிப்பது என்று முடிவு.

ஜூன் 3

நாலு தவணை ஆகிவிட்டது.

ஜூன் 5

கதையைவிடப் பின்பக்கங்கள் இழுக்கின்றன. பாதி விளம்பரம், தலை இல்லாத துணுக்கு, ‘தொடர்ச்சி 43-ஆம் பக்கம்’ என்று நின்றுபோன ஒரு கட்டுரை. அந்த 43-ஆம் பக்கத்தை யாரும் தைத்து வைக்கவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். அத்தியாயம் முடியும் இடத்தில் இருட்டில் ஒரு முகம், அல்லது திடீரென்று ஒரு குரல். புத்தகத்தில் இது கொஞ்சம் சலிப்பூட்டும். பக்கத்தைத் திருப்பினால் விடை வந்துவிடுகிறதே! இங்கே அப்படியில்லை. அடுத்த தாள் வேறு பழுப்பு, மை வேறு அழுத்தம். நடுவில் ஏழு நாள் போயிருப்பது கண்ணுக்கே தெரிகிறது.

ஜூன் 8

அத்தைப்பாட்டிக்கு போன் செய்தேன். வயது எண்பத்தாறு, குரல் மட்டும் இருபது.

“ஞாயித்துக்கிழமை தேதி போட்டு வரும்டா. முதல்ல அப்பா, அப்புறம் அண்ணா. என் கைக்கு வர்றப்போ புதன்கிழமை ஆயிடும். எதிர்வீட்டு மாமி கதையைச் சொல்லிடுவாளோன்னு மூணு நாள் அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்.”

ஆக, பத்திரிகை வைத்த காத்திருப்பு போதாதென்று வீட்டில் வேறு ஒரு வரிசை. பெண்பிள்ளை என்பதால் கடைசி இடம். இதைப் பாட்டி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 9

டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்தது ஒரு மாலைப் பேப்பர். எஸ்.எஸ்.எல்.சி. முடிவு, பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் எண்கள். இரண்டு எண்களுக்கு நடுவே, எண்ணே இல்லாத இடத்தில், ஒரு பென்சில் கோடு. யாருடையது என்று அப்பாவிடம் கேட்டேன். “மூடி வை” என்றார்.

ஜூன் 14

கடைசி பைண்டு. கதையைச் சட்டென்று முடித்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட, யார் யார் என்ன ஆனார்கள் என்று கல்கி ஒரு முடிவுரை எழுத வேண்டியதாயிற்று. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லவில்லை. பாட்டிக்கு இன்னும் ஆறவில்லை: “மூணரை வருஷம் காக்க வெச்சுட்டு!”

பைண்டுகளுக்கு அடியில் நூல் கட்டிய ஒரு கத்தை, ‘அமரதாரா’. அது பாதியில் இருக்கும்போதே, 1954 டிசம்பர் 5 அன்று கல்கி காலமானார். அவர் வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்திதான் எழுதி முடித்தார்.

இதை மட்டும் ஏன் தைக்கவில்லை என்று பாட்டியிடம் கேட்டேன்.

“தைக்கலாம்னுதான் எடுத்து வெச்சேன்” என்றாள்.