மாஸ்டர் செய்த வணக்கம்

நமக்கு டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலையைக் கற்றுத்தந்த மாஸ்டர் காலமான செய்தி மன்னார்குடியிலிருந்து வந்த பிறகு, நம் சங்க மலருக்கு வேறு எதைப் பற்றியும் எழுத மனம் வரவில்லை.

விடியற்காலை, பின்பக்கத் திடல், புங்கமரத்தடியில் செருப்பு வரிசை. உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. 'சரியோத்' என்றால் விறைத்து நிற்போம். 'கியோங்நே' என்றால் குனிந்து வணங்குவோம். பாமணி ஆற்றங்கரைப் பிள்ளைகள் ஹனா, தூல், செத் என்று கொரிய மொழியில் எண்ணியது அவரால்தான். சேர்ந்த புதிதில் வெகுநாள் உதைக்கவே விடவில்லை. பிறகுதான் ஆப் சாகி எனும் முன்னுதை: முழங்கால் முதலில் உயர வேண்டும், அப்புறம் கால் நீள வேண்டும், முன்பாதம் பட்ட கணமே மடங்கித் திரும்ப வேண்டும். "மடக்கத் தெரியாதவனுக்கு உதை எதற்கு?" என்பார்.

சியோல், பார்சிலோனா ஒலிம்பிக்குகளில் காட்சிப் போட்டியாக மட்டுமே இருந்த டேக்வாண்டோ, 2000இல் சிட்னியில் பதக்க விளையாட்டானது. அந்த நாளிதழ்த் துண்டை அட்டையில் ஒட்டி எடுத்துவந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். தலைக்கு உதைக்கலாம், முகத்தில் குத்தக் கூடாது. கைக்குத்து மார்புக் கவசத்தில்தான் விழ வேண்டும். முன்கோபம் மிகுந்த எனக்கு அந்த ஒரு விதியே பெரிய பள்ளிக்கூடம்.

அவ்வாண்டு விழாவில் நான் பலகை உடைக்க வேண்டும். அவரே இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். உடையவில்லை. மீண்டும் உதைத்தேன், உடையவில்லை. பெற்றோர் வரிசை உட்பட அரங்கமே சிரித்தது. மாஸ்டர் பலகையைக் கீழே வைத்தார். கறுப்பு பெல்ட் கட்டிய அவர், பச்சை பெல்ட் கட்டிய எனக்கு எதிரே விறைத்து நின்று, இடுப்பு வளைய வணங்கினார். நானும் வணங்கினேன். சிரிப்பு நின்றுவிட்டது. வென்றவனும் தோற்றவனை வணங்கியே களத்தை விட்டு இறங்க வேண்டும் என்று வகுப்பில் அவர் சொன்னது அன்றுதான் எனக்குள் இறங்கியது.

சிவப்பு பெல்ட் வரை வந்தேன். "சின்னப் பிள்ளைகளை நீ பார்த்துக்கொள்ளப்பா" என்றார். 2002இலும் 2003இலும் ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கவில்லை. குறுவை போயிற்று, வீட்டில் கடன் ஏறியது. சிங்கப்பூருக்கு வந்துவிட்டேன். வந்தது குடும்பத்தைக் காப்பாற்றியது. ஆனாலும் அவர் எனக்கென்று ஒதுக்கிய இடம் அந்தத் திடலில்தான் இருந்தது. அதை நினைக்காத ஆண்டு இல்லை.

இப்போது அவரிடம் கற்ற பெண் ஒருவர் அங்கே வகுப்பு எடுக்கிறார். மார்புக் கவசங்களும் தரை விரிப்புகளும் போதவில்லையாம். சங்கம் இந்த ஆண்டே வாங்கிக் கொடுக்க வேண்டும். என் பங்கைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.